மின்சாரக் காரும் மக்கள் பணமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை எடுத்துரைப்போர் அதன் ஆழத்தையும், குன்றுகள் சூழ்ந்து காக்கும் அதன் அமைதியையுமே பெரும்பாலும் சொல்லுவர். ஆயினும் கடந்த நூற்றாண்டில் வல்லரசுகள் இத்துறையின்மேல் கண்வைத்ததற்குக் கப்பல் நிற்க இடமிருந்தது எவ்வளவு காரணமோ, அக்கப்பலுக்கு வேண்டிய எரிபொருளைச் சேமித்து வைக்க இடமிருந்ததும் அவ்வளவு காரணமாகும். சீனக்குடாவின் காட்டினுள்ளே, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் பிரித்தானியர் எழுப்பிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தன. எண்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனமும் அக்குதங்களைத் தம்முள் வகுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆகவே எதை எரித்து ஓடுவது, அதற்கு யார் விலை கொடுப்பது என்னும் வினா இப்பிரதேசத்து மக்களுக்குப் புதியதுமன்று, அந்நியமானதுமன்று.

அவ்வினா இப்போது வேறொரு கோலத்தில் நம்முன் வந்து நிற்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டபின், மின்சாரக் கார்கள் நாடெங்கும் வீதிக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. பெற்றோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவையும் மின்சாரக் காருக்கு மோட்டரின் கிலோவாட் வலுவையும் அளவாகக் கொண்டு உற்பத்தி வரி அறவிடப்படுகிறது. இந்த வரியை இன்னும் தாராளமாகக் குறைத்து, மின்சாரக் கார் வாங்குவோருக்கு அரசாங்கம் கைகொடுக்க வேண்டும், பூமியின் வெப்பத்தைத் தணிக்க அதுவே சிறந்த உபாயம் என்று கற்றோர் பலர் வாதிக்கின்றனர். அவர்களுடைய நோக்கத்தில் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால் நோக்கம் நல்லது என்பது மாத்திரம் பொதுப்பணத்தைச் செலவிடப் போதிய நியாயமாகிவிடாது. செலவாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு புகை குறைகிறது என்று கேட்டே தீரவேண்டும். அந்தப் பரீட்சையில் தனியார் காருக்கான சலுகை தேறவில்லை என்பதும், அதே பணம் முச்சக்கர வண்டிக்கும் பஸ்ஸுக்கும், பகல் வெயிலில் விளையும் மின்சாரத்தை வீணாகாமல் காப்பதற்கும் போகுமாயின் பன்மடங்கு பிரயோசனம் உண்டாகும் என்பதும் என் அபிப்பிராயம்.

மானியம் என்றவுடன் திறைசேரியிலிருந்து எண்ணிக் கொடுக்கும் காசையே நாம் நினைக்கிறோம். அறவிடத்தக்க வரியை அறவிடாது விடுவதும் மானியமே. ஏனெனில் ஒருவரிடம் விட்டுக்கொடுத்த தொகையை இன்னொருவரிடம் வாங்கியே அரசாங்கம் தன் வரவு செலவை ஈடுசெய்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்த நாடு இது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்திய நாடு இது. மூதூர்ச் சந்தையில் பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கும் தாயும் அவ்வரியைச் சுமக்கிறாள். பல மின்சாரக் கார்களின் விலை ஒரு கோடி ரூபாயை அண்மிக்கவோ தாண்டவோ செய்கின்ற இக்காலத்தில், அக்காரை வாங்க வல்ல ஒருவருக்கு அந்தத் தாய் உபகாரம் செய்யவேண்டுமென்றால், அதற்குரிய காரணம் மிகவும் வலுவுடையதாக இருக்கவேண்டும்.

காரணத்தைக் கணக்கினாலேயே ஆராய்வோம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் குடிக்கும் சாதாரணக் கார் அத்தூரத்தில் 16 கிலோ கரியமிலவாயுவைக் கக்குகிறது. மின்சாரக் கார் அதே தூரத்துக்குச் சுமார் 16 அலகு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். புகைபோக்கி அக்காருக்கு இல்லை என்பது மெய். ஆனால் அந்த 16 அலகும் எங்கிருந்து வந்தன? நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இறக்குமதி நிலக்கரியை எரித்துத் தருகிறது. நிலக்கரியால் பிறக்கும் ஓர் அலகு மின்சாரத்துடன் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயுவும் கூடவே பிறக்கிறது. முற்றிலும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார், ஆகவே, பெற்றோல் காருக்குச் சமமாகவே வானத்தைக் கெடுக்கும். நீர்மின்சாரமும் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கலந்த நாட்டுச் சராசரியை அலகுக்கு அரைக் கிலோவென்று கொண்டால் அது 8 கிலோவாகக் குறையும். சிக்கனமான ஹைபிரிட் கார் 10 கிலோவில் அதே பயணத்தை முடித்துவிடுகிறது. பற்றரியைச் செய்வதற்குத் தொழிற்சாலையில் எரிந்ததோ இந்தக் கணக்கில் சேரவே இல்லை. நம் ஊர் வீதியில் புகையில்லை என்று மகிழ்ந்துவிட்டு நுரைச்சோலைக் கரையை மறந்திருப்பது, தன் அடுக்களைப் புகையைக் குழாய்வைத்து அடுத்த வளவுக்குத் திருப்பிவிட்டவன் வீடு சுத்தமாயிற்றென்று திருப்தியடைவதை ஒக்கும்.

இவ்விஷயத்தில் எவ்வளவு மின்சாரம் என்பதைப் பார்க்கிலும் எந்நேரத்து மின்சாரம் என்பது முக்கியம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் விளக்கெரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. அந்த உச்ச வேளையின் தேவையை நிரப்ப எண்ணெய் எரிக்கும் நிலையங்களையும் இயக்கவேண்டியிருக்கிறது. வேலைமுடிந்து வீட்டுக்கு வந்தவர் காரை நிறுத்தியவுடன் செருகியைச் செருகிவிடுவாராயின், அவர் அந்த எண்ணெயையே மறைமுகமாக எரிக்கிறார். இதற்கு நேர்மாறாகப் பகல் வேளையில், கூரைமேற் சூரியப்பலகைகள் தரும் மின்சாரத்தை ஏற்க வழியின்றி மின்தொகுதி திணறுகிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் உண்டான கோளாறு நாட்டையே இருளில் ஆழ்த்தியபோது, தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்த அவ்வேளையில் மின்தொகுதிக்குத் தாங்கும் சக்தி இல்லாதிருந்தது பிரத்தியட்சமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைச் சூரியப்பலகைகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே மக்களை வேண்டிக்கொண்டது. சித்திரை வெயில் கொளுத்தும் நாட்டில், அவ்வெயிலின் பயனை வேண்டாமென்று தள்ளிவிட்டு, இரவானதும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அந்நியச் செலாவணியைச் செலவிடுகிறோம். கார் வாங்கும்போது ஒருமுறை கொடுக்கப்படும் வரிச்சலுகையோ, அக்கார் பகலில் மின்னேற்றப்படுமா, இரவில் மின்னேற்றப்படுமா என்று கேட்பதேயில்லை.

சலுகையினால் மாத்திரம் ஒரு மாற்றத்தை நிலைநிறுத்த முடியுமா என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னனுபவம் உண்டு. தீர்வை மிகக் குறைந்திருந்த 2015 ஆம் ஆண்டில், ஜப்பானில் ஓடித்தீர்த்த நிஸான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அவ்வாண்டின் இறுதியில் வரவுசெலவுத் திட்டம் தீர்வையை உயர்த்தியதும் அவ்வரத்து வற்றிப்போயிற்று. காற்றினால் மாத்திரம் ஆறும் அந்தப் பற்றரிகள் நம் தேசத்து வெப்பத்தில் விரைவாக வலுவிழந்தன; ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரம் ஆண்டுக்காண்டு சுருங்கியது; புதிய பற்றரியின் விலையைக் கேட்டவர்கள் மலைத்துப்போனார்கள். வந்த வாகனங்களுக்கு மின்னேற்றும் நிலையங்களும், பழுதுபார்க்கும் தொழிலாளரும், பழைய பற்றரிக்கு ஒரு போக்கிடமும் உண்டாகுமுன்னே சலுகை வந்தது. அவை உண்டாகுமுன்னே சலுகை போயிற்று.

நோர்வேயைப் பாருங்கள் என்று சிலர் சொல்லுவர். அங்கே 2024 இல் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவில் மின்சாரக் கார்களே. 2001 முதல் அவற்றுக்குப் பெறுமதி சேர் வரி விலக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்நாட்டு மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் மலையருவிகளிலிருந்து கிடைப்பது. எண்ணெய் விற்றுச் சேர்த்த பெருந்திரவியம் அதன் பொக்கிஷத்தில் இருப்பது. அத்தகைய நாடுகூட 2023 முதல் விலையுயர்ந்த மின்சாரக் கார்களுக்கு வரியை மீண்டும் விதிக்கத் தொடங்கிவிட்டது. நமக்கு அண்மையான உதாரணம் நேபாளம். இறக்குமதித் தீர்வையைக் குறைத்ததனால் அங்கே புதிதாக வரும் கார்களில் பாதிக்குமேல் மின்சாரக் கார்களாயின என்பது உண்மையே. அங்கும் மின்சாரம் நதிகள் தருவது என்பதை மறந்துவிடலாகாது. முதலில் மின்சாரம் சுத்தமாயிற்று, பின்னரே கார் சுத்தமாயிற்று. இந்தியாவோ 2024 இல் 10,900 கோடி ரூபாயில் வகுத்த புதிய மானியத் திட்டத்தை மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, பஸ், லொறி, அம்புலன்ஸ் ஆகியவற்றுக்கென ஒதுக்கி, தனியார் கார்களை அதில் சேர்க்காது விட்டது. நம்மைப்போல் நிலக்கரியை நம்பியிருக்கும் தேசம் எதைத் தெரிந்துகொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

மெய்யான புகைக்குறைப்பு எவ்வாறு நிகழும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவைக் கடந்தால் சம்பூர் இருக்கிறது. 2006 இல் யுத்தத்தினால் ஊரைவிட்டுப் பெயர்ந்து, கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம் கொட்டில்களில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்து, 2015 இல் மீளக்குடியேறிய மக்களின் ஊர் அது. அவர்கள் நிலத்தில் இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக 500 மெகாவாட் நிலக்கரி நிலையமொன்றை அமைக்கவிருந்தன. வயலும் குளமும் கடலும் கெட்டுப்போகும் என்று ஊரவரும் சுற்றாடல் ஆர்வலரும் எதிர்த்து நின்றனர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்டெம்பரில் அத்திட்டம் அங்கே நடைபெறாதென்று அரசாங்கத் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அந்நிலையம் எழுந்திருந்தால் ஆண்டுக்கு 300 கோடி அலகு மின்சாரத்துடன் ஏறக்குறைய 30 இலட்சம் தொன் கரியமிலவாயுவையும் தந்திருக்கும். இன்றைய மின்சாரக் கலவையில் ஓடும் ஒரு மின்சாரக் கார், ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடினால், பெற்றோல் காரைப் பார்க்கிலும் ஒரு தொன் அளவில் மிச்சம்பிடிக்கும். அந்த ஒரு நிலையத்தின் புகைக்கு ஈடுசெய்ய 30 இலட்சம் மின்சாரக் கார்கள் வேண்டும்; இலங்கையில் பதிவான கார்கள் யாவும் சேர்ந்தும் அத்தொகையில் பாதியை எட்டமாட்டா. அந்த மின்சாரத்தின் ஒரு பகுதியை வேறிடத்தில் எண்ணெய் எரித்தே பெற்றிருப்போம் என்று கழித்துப் பார்த்தாலும், எது மலை, எது மடு என்பது விளங்கிவிடும்.

நிலக்கரிக்குப் பதிலாகச் சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் சேர்ந்து தொடக்கிவைத்ததாகும். அது பூரணமாகும்போது ஆண்டுக்குச் சுமார் 19 கோடி அலகு கிடைக்கக்கூடும். ஓர் இலட்சம் மின்சாரக் கார்கள் ஓராண்டு ஓடப் போதுமான மின்சாரம் அது. ஆனால் அதைப் பகலிலேயே பயன்படுத்தவோ பற்றரியில் சேமித்து மாலைக்குக் கொண்டுவரவோ ஏற்பாடில்லாவிட்டால், கூரைப்பலகைகளுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். திறைசேரியின் பணம் முதலிற் போகவேண்டிய இடம் இதுதான். அந்நிலத்தை விட்டுக்கொடுத்த ஊருக்கு அங்கு பிறக்கும் மின்சாரத்தில் ஒரு நியாயமான பங்கு கிடைக்கவேண்டும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லாது விடுவதற்கில்லை.

வாகனங்களுக்கு உதவுவதாயின் நாள் முழுதும் ஓடும் வாகனங்களுக்கே உதவவேண்டும். திருகோணமலைப் பஸ் நிலையத்தருகே வரிசையில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவருடைய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பள்ளிக்கூட ஹயர், பின்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளி, சந்தைக்கு ஒரு மூட்டை, கச்சேரிக்கு ஓர் அவசரக்காரர் என்று ஓடி, அன்றன்று கையில் வரும் காசுக்கேற்ப ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் என்று பெற்றோல் அடித்து, மிஞ்சியதில் லீசிங் தவணைக்கு ஒதுக்கி, அதற்கும் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். 2022 இல் எரிபொருள் வரிசையில் வண்டிக்குள்ளேயே முடங்கிப் படுத்து இரவுகளைக் கழித்தவர்கள் இவர்களே. நாட்டில் பத்து இலட்சத்துக்குமேல் முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றும் 100 கிலோமீற்றருக்குச் சுமார் 4 லீற்றர் பெற்றோலை எரித்து 9 கிலோ கரியமிலவாயுவை வெளியிடுகிறது. மின்சாரத்தில் ஓடினால் 7 அலகில், அதாவது 3.5 கிலோவில், அப்பயணம் முடிந்துவிடும். ஆண்டுக்கு 25,000 கிலோமீற்றர் ஓடும் வண்டி இவ்வாறு ஒரு தொன்னுக்குமேல் குறைக்கிறது; கோடிக் காரும் குறைப்பது அவ்வளவே. காருக்கு வேண்டிய பற்றரி 40, 50 அலகு கொள்வது. முச்சக்கர வண்டிக்கோ 8 அல்லது 10 அலகு போதும். ஒரு காருக்குச் செய்யும் உதவியைக்கொண்டு நாலைந்து வண்டிகளை மாற்றலாம். அத்தனை குடும்பங்களின் அன்றாட வருமானத்தையும் உயர்த்தலாம். நண்பகலில் ஹயர் குறைந்து வண்டிகள் மரநிழலில் ஓய்ந்து நிற்கும் வேளையும், சூரிய மின்சாரம் வேண்டுவாரின்றிக் கிடக்கும் வேளையும் ஒன்றே. அந்த நிழலில் மின்னேற்றும் நிலையங்களை அமைப்பதற்குப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

பஸ்ஸின் கணக்கு இன்னும் தெளிவானது. 100 கிலோமீற்றருக்கு 30 லீற்றர் டீசல் எரிக்கும் பழைய பஸ்ஸில் 50 பேர் ஏறினால், ஆளுக்கு இரண்டு கிலோவுக்கும் குறைந்த கரியமிலவாயுவே பங்காக வரும். பாதி இருக்கைகள் காலியாயிருந்தாலும் அது நாலு கிலோவை எட்டாது. தனியொருவராக மின்சாரக் காரில் செல்பவருக்கோ 8 கிலோ. கந்தளாயிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நகருக்கு வேலைக்கு வருவோர் நேரந்தவறாத ஒரு பஸ்ஸை நம்பி ஏறலாமென்றால், அந்தப் பஸ் டீசலில் ஓடினாலும் இலாபம். மின்சாரத்தில் ஓடினால் இரட்டை இலாபம்.

கடலையும் மறக்கலாகாது. கிண்ணியாக் கரையில் சிறு வள்ளங்களை ஓட்டுவோர் கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்புவதற்குச் சிறிது பெற்றோலும், கிளம்பியபின் ஓடுவதற்கு மண்ணெண்ணெயும் பாவிக்கின்றனர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியபோது கடலுக்குப் போகாத வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஆழ்கடலுக்குச் செல்லும் படகுக்கு இன்றைய பற்றரி போதாது என்பது வெளிப்படை. தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் கரைதெரியத் தொழில்செய்யும் வள்ளங்களுக்கோ அது எட்டாத காரியமன்று. அதற்கான பரிசோதனைக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம், மீனவனுடைய செலவையும் நாட்டின் எண்ணெய்ச் செலவையும் ஒருங்கே குறைக்கும்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. வசதியுள்ளோர் முதலில் மின்சாரக் கார் வாங்கினால்தான் மின்னேற்றும் நிலையங்கள் பெருகும், தொழில் தெரிந்தோர் உண்டாவர், பின்பு விலை குறைந்து அது சாமானியருக்கும் எட்டும் என்பது அது. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எண்ணெய்க்கு வெளியேறும் அந்நியச் செலாவணி மிஞ்சும் என்பதும் மறுக்கவொண்ணாதது. ஆனால் பற்றரியின் விலையைக் குறைத்தது சீன தேசத்தின் பெருந்தொழிற்சாலைகளேயன்றி இலங்கையின் வரிச்சலுகையன்று. நம் சிறு சந்தையில் வரியை விட்டுக்கொடுப்பதால் உலகவிலை அணுவளவும் அசையாது. மின்னேற்றும் நிலையங்களைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒருமுறை வரும் சொகுசுக் காரைவிட நாள்தோறும் வரும் முச்சக்கர வண்டியே அவற்றை வாழவைக்கும். மின்சாரக் காரை வாங்க விரும்புவோர் தாராளமாக வாங்கட்டும். பெற்றோல் காரைவிட அது நல்லதே. அதன் விலையில் ஒரு பங்கை ஏழையின் வரியிலிருந்து கேட்பதே தகாது.

2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளிற் பெறுவதாகவும், 2050 இல் கரியமிலவாயுச் சமநிலையை அடைவதாகவும் இலங்கை உலகத்துக்கு வாக்களித்திருக்கிறது. அவ்வாக்கைக் காப்பாற்ற விரும்பும் அரசாங்கம் மூன்று காரியங்களைத் தாமதமின்றிச் செய்யவேண்டும். விலையுயர்ந்த தனியார் மின்சாரக் கார்களுக்கான சலுகையை நீக்கி, அத்தொகையை முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், பஸ் ஆகியவற்றை மாற்றுவதற்குக் குறைந்த வட்டிக் கடனாகவும் மானியமாகவும் வழங்கவேண்டும். பகல் 10 மணி முதல் 3 மணி வரை மின்னேற்றுவோருக்குக் கட்டணத்தைக் குறைத்து, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கச்சேரி, இறங்குதுறை ஆகிய இடங்களில் அதற்கு வசதி செய்யவேண்டும். சம்பூர் முதலான சூரியமின் நிலையங்களோடு சேமிப்புப் பற்றரிகளையும் சேர்த்தே அமைக்கவேண்டும். இவற்றோடு, வாகனங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரிச்சலுகைக்கும் எத்தனை ரூபாய் கைவிடப்பட்டது, எத்தனை தொன் கரியமிலவாயு குறைந்தது என்ற கணக்கை நிதியமைச்சு ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். நம் மாவட்டத்துப் பிரதிநிதிகள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து கேட்கவேண்டிய முதற் கேள்வி அந்தக் கணக்கைப் பற்றியதாக இருக்கட்டும். கணக்குக் காட்ட முடியாத சலுகையை, அது எவ்வளவு பசுமையான பெயரைத் தாங்கி வந்தாலும், அவர்கள் எதிர்த்து வாக்களிக்கட்டும்.